வேறு கட்சிக்காரரை மதித்தால் கொள்கை இல்லாதவனா?

களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் கேள்வி இது: "நான் எந்தக் கட்சியிலும் இல்லை. 2024 இல் ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு கட்சிக்கும் பொதுத் தேர்தலுக்கு இன்னொரு கட்சிக்கும் வாக்களித்தேன். நான் வாக்களிக்காத கட்சியின் எம்.பி ஒருவர் நாடாளுமன்றத்தில் பேசிய நல்ல பேச்சொன்றைப் பகிர்ந்தேன். அதற்குச் சொந்த மச்சானே 'உனக்குக் கொள்கை என்று ஒன்று இல்லை, எல்லாப் பக்கமும் தலையாட்டுகிறாய்' என்று குடும்பக் குழுவில் எழுதிவிட்டான். கட்சி பார்க்காமல் அரசியல்வாதிகளை மதிப்பது சரியா, இல்லை அவன் சொல்வதுதான் சரியா?"

தம்பி, மச்சான் சொல்வது பிழை. ஆனால் முழுக்கப் பிழை என்றும் சொல்லமாட்டேன், ஏனென்றால் கட்சி பார்க்காத மரியாதை என்ற பெயரில் நம் பக்கத்தில் நடக்கிற சில கூத்துகள் அவன் கண்ணிலும் பட்டிருக்கும்: எந்த எம்.பி வந்தாலும் பொன்னாடையோடு ஓடுகிற கோயில் நிர்வாகிகள், எந்த ஆட்சி வந்தாலும் அந்த ஆட்சியின் அமைப்பாளரோடு படம் எடுத்துப் போடுகிற கொந்தராத்துக்காரர்கள். அதுவும் கட்சி கடந்ததுதான்! நீங்கள் செய்தது அது இல்லை. ஒருவர் பேசிய பேச்சு நல்லது என்றீர்கள், அவ்வளவுதான். பேச்சு நல்லது என்பது ஒரு விடயம், அந்த ஆளோடு உடன்படுகிறேன் என்பது வேறு, அவருக்கு வாக்குப் போடுவேன் என்பது வேறு, அவர் செய்த பிழைகளை மன்னித்துவிட்டேன் என்பது முற்றிலும் வேறு. இந்த நான்கையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால்தான் நம் வீடுகளில் தேர்தல் காலம் முழுக்கச் சண்டை.

உங்கள் வாக்கில் இருந்து தொடங்குவோம். செப்டம்பரில் ஒன்று நவம்பரில் வேறொன்று என்று நீங்கள் போட்டது ஏதோ தனி விசித்திரம் இல்லை. 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டத்தில் முதலாவதாக வந்தவர் சஜித் பிரேமதாச. இரண்டு மாதம் கூட ஆகவில்லை, நவம்பர் 14 பொதுத் தேர்தலில் இதே மாவட்டம் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு மூன்று ஆசனம், தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரசின் மரத்துக்கு ஒன்று என்று கொடுத்தது, சஜித்தின் கட்சிக்கு ஒன்றுமே இல்லை. நாடு முழுக்க 22 தேர்தல் மாவட்டங்களில் 21 இல் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பிடித்த தேர்தல் அது, பிடிக்காமல் போன ஒரே மாவட்டம் நம்முடையது. ஆக உங்களைப் போல மாற்றிப் போட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், உங்கள் மச்சானின் கட்சிக்காரர்களுக்குள்ளேயே இருப்பார்கள். அதற்குள் இன்னொரு முடிச்சும் இருந்தது. தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிப்பதாக அறிவித்தபோது, அதே கட்சியின் முன்னாள் எம்.பி, நம் மாவட்டத்து அரியநேத்திரன், சங்குச் சின்னத்தில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு வீட்டுச் சின்னத்துக்காரர் ஒருவர் எந்தப் பக்கம் போட்டிருந்தால் கொள்கை உள்ளவர், எந்தப் பக்கம் போட்டிருந்தால் இல்லாதவர்? மச்சானிடம் கேட்டுப் பாருங்கள்.

இது புதிதும் இல்லை. பழைய மட்டக்களப்புத் தொகுதி இரட்டை அங்கத்தவர் தொகுதி, ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் வரட்டும் என்று செய்த ஏற்பாடு, ஒவ்வொருவர் கையிலும் இரண்டு வாக்கு. அந்தக் காலத்து ஆட்கள் ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு பேரை எடைபோட்டுப் பழகியவர்கள். 1977 இல் வடக்குக் கிழக்கு எங்கும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சூரியன் அலை அடித்தபோது பட்டிருப்புத் தொகுதி கூட்டணியோடு போனது, பக்கத்துக் கல்குடா போகவில்லை, ஐக்கிய தேசியக் கட்சியின் கே. டபிள்யூ. தேவநாயகத்தைத்தான் திரும்பவும் அனுப்பியது. அவர் ஜே.ஆர் அரசாங்கத்தில் நீதி அமைச்சரானார். வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதில் அவருடைய பங்கைக் கல்குடாப் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள். ஆனால் அவர் இருந்த அமைச்சரவைதான் 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் வந்தாறுமூலையைச் சுற்றியே இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்காக அவரை மதிக்கலாமா? மதிக்கலாம். சட்டத்துக்காகக் கேள்வி கேட்கலாமா? கட்டாயம் கேட்க வேண்டும். ஒன்று மற்றதை அழித்துவிடும் என்று ஏன் நினைக்கிறோம் என்றுதான் எனக்கு விளங்குவதில்லை.

இராசதுரை இன்னும் கடினமான ஆள். சொல்லின் செல்வர் என்று பெயர் எடுத்தவர், 1956 இல் தமிழரசுக் கட்சியில் மட்டக்களப்புக்கு வந்து 1977 வரை எல்லாத் தேர்தலிலும் வென்றவர், மட்டக்களப்பு மாநகரசபையின் முதல் மேயரும் அவரே. 1977 இல் கூட்டணியின் சூரியனில் நின்ற அவரை எதிர்த்தே, அதே கூட்டணிக்குள் இருந்த தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் காசி ஆனந்தன் நிறுத்தப்பட்டார், ஒரே அணிக்குள் இரண்டு பேர் மோதியதில் இராசதுரை வென்றார். 1979 இல் அரசாங்கப் பக்கம் போய் அமைச்சரானார். ஒரு வீட்டில் தகப்பன் அவரைத் துரோகி என்பார், தாய் அவருடைய பேச்சை ஒப்புவிப்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. போன காரணத்தில் யாழ்ப்பாணத் தலைமையோடு இருந்த மனக்கசப்பு எவ்வளவு, பதவி ஆசை எவ்வளவு என்று ஆளுக்கு ஆள் ஒரு கணக்குச் சொல்லுவார்கள். என் கணக்கில் அவர் பேச்சாலும் இருபது வருட உழைப்பாலும் தேடிய மதிப்பு அப்படியே நிற்கிறது, ஆனால் மக்கள் ஒரு கொடிக்குத் தந்த ஆசனத்தை இன்னொரு கொடிக்குக் கொண்டுபோனது பிழை.

நம் மாவட்டத்துக்கு வெளியே இருந்தும் இரண்டு பெயர் சொல்கிறேன், ஏனென்றால் அவர்கள் வேலை நம் மண்ணில் நிற்கிறது. வாழைச்சேனைக் காகித ஆலைக்கு அடி போட்டவர் அப்போது கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலம். எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை, பின்னால் நொடிந்து போனதற்கு அவர் பொறுப்பில்லை. அதே பொன்னம்பலம்தான் 1948 இல் அரசாங்கத்தில் சேர்ந்து, மலையகத் தமிழரின் குடியுரிமையை இறுக்கிய சட்டத்துக்கு ஆதரவு கொடுத்தவர், அதோடுதான் செல்வநாயகம் பிரிந்து தமிழரசுக் கட்சி தொடங்கினார். மற்றவர் டி. எஸ். சேனநாயக்க. அம்பாறைப் பக்கம் போய் வயல் வட்டையில் நிற்கிற ஒருவரிடம் கேளுங்கள், சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் இல்லாமல் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் சிறுபோகம் எப்படி இருக்கும் என்று. அந்தக் கல்லோயாத் திட்டம்தான் அந்தப் பிரதேசத்தின் சனத்தொகையையே மாற்றியது, 1956 இல் அங்கேதான் தமிழர்கள் மேல் வன்முறை கட்டவிழ்ந்தது. தண்ணீருக்கு நன்றி சொல்லுகிற விவசாயியைக் குடியேற்றத்தை ஆதரிக்கிறவன் என்று சொன்னால் அது அநியாயம். குடியேற்றத்தைக் கேள்வி கேட்கிறவனை நன்றி கெட்டவன் என்பதும் அநியாயம்தான்.

மச்சானுக்கு ஒரே ஒரு சம்பவம்தான் சொல்ல முடியும் என்றால் நான் சொல்லுவது நல்லையா கதையை. 1944 இல், சுதந்திரத்துக்கு முந்திய சட்டசபையான அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜயவர்தன சிங்களத்தை அரச கரும மொழியாக்க வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தார். திருகோணமலை மட்டக்களப்பு உறுப்பினராக இருந்த வி. நல்லையா, தமிழையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பில் திருத்தம் பெரும்பான்மையோடு நிறைவேறியது. அந்தச் சபையில் பெரும்பான்மை சிங்கள உறுப்பினர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். தமிழ் உறுப்பினர்களின் கைகளை மட்டும் எண்ணினால் அந்தப் பெரும்பான்மை வராது. எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களிடம் பேசலாம், அவர்களுக்கும் நியாயம் விளங்கும் என்று நம்பிய ஆள் செய்யக்கூடிய வேலை அது. சரி, பன்னிரண்டு வருடத்தில் தனிச் சிங்களச் சட்டம் வந்து அதையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. அதற்காக நல்லையா எழுந்து நின்றது வீண் என்று சொல்வீர்களா, ஆதரவாகக் கை தூக்கிய சிங்கள உறுப்பினர்களை மறந்துவிடுவீர்களா?

இனி, மதிக்காமல் விட்டதற்கு நாம் கொடுத்த விலை. இதை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 1977 இல் பொத்துவிலில் கூட்டணி சார்பில் வென்ற கனகரத்தினம் அரசாங்கப் பக்கம் மாறினார், 1978 தொடக்கத்தில் கொழும்பில் சுடப்பட்டார், தப்பினாலும் இரண்டு வருடத்தில் இறந்துபோனார். 1990 இல் மட்டக்களப்பு எம்.பி சாம் தம்பிமுத்துவும் மனைவியும் கொழும்பில் கொல்லப்பட்டார்கள். அந்த வெற்றிடத்துக்கு நாடாளுமன்றம் போனவர் ஜோசப் பரராஜசிங்கம். 2005 பெப்ரவரியில் அம்பாறையின் முன்னாள் எம்.பி சந்திரநேரு. அதே வருடம் நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புனித மரியாள் பேராலயத்துக்குள், அந்தப் பரராஜசிங்கம். இவர்கள் ஒரே கட்சி அல்ல, கொன்றவர்களும் ஒரே தரப்பு அல்ல. ஒவ்வொரு கொலைக்கு முன்னாலும் அந்த மனிதன் மனிதனே இல்லை, இனத்தை விற்றவன், ஒழியவேண்டியவன் என்ற பேச்சு ஊருக்குள் நடமாடியது, அதைக் கேட்டு நல்ல மனிதர்கள் எல்லாம் தலையாட்டினார்கள் அல்லது வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குத் துவக்கு இல்லை, கைபேசிதான் இருக்கிறது, அதனால் பயமில்லாமல் எதையும் எழுதுகிறோம். அந்தக் காலத்தைப் பார்த்த என் வயதுக்காரருக்கு 'இவனையெல்லாம்...' என்று தொடங்குகிற பதிவைக் கண்டால் இப்போதும் வயிறு கலங்கும். மாற்றுக் கட்சிக்காரனை மதிப்பது பண்பாட்டு அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் பேராலயத்துப் பக்கம் ஒருமுறை போய்விட்டு வரட்டும்.

மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் கட்சிக் கோடு பாதி இடத்தில் இனக் கோடாகவும் இருக்கிறது, அதனால் வடக்கில் உள்ளவர்களை விட நமக்கு இது கொஞ்சம் கூடுதலான பாரம். 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள், அதே மாதம் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் இருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாதவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அப்படியான இடத்தில் ஒரு தமிழர் அஷ்ரப்பை மதிக்கிறேன் என்றாலோ, ஒரு முஸ்லிம் பரராஜசிங்கத்தை மதிக்கிறேன் என்றாலோ, சொந்த ஆட்களிடமே பேச்சு வாங்க வேண்டும். ஆனால் அஷ்ரப்பை எடுத்துப் பாருங்கள். 1977 இல் கூட்டணியோடு சேர்ந்து மேடையேறிய இளம் சட்டத்தரணி, நான்கு வருடத்தில் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரசைத் தொடக்கினார். அவர் தமிழ்க் கட்சிகளிடமிருந்து விலகிய விதத்தில் நமக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் 2000 இல் ஹெலிகொப்டர் விபத்தில் இறப்பதற்குள் ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகத்தையே நிறுத்திவிட்டுப் போனார், அங்கே நம் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தன் சமூகத்துக்கு ஒரு குரல் வேண்டும் என்று கண்டு, கட்சி கட்டி, பேரம் பேசி, கையில் ஒன்றை வாங்கிக் கொடுத்த கெட்டித்தனத்தை ஒத்துக்கொள்ள நாம் முஸ்லிம் காங்கிரஸ்காரராக வேண்டியதில்லை. தமிழ்த் தலைவர்களிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதைத்தானே!

2015 இல் கிழக்கு மாகாண சபையில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 11 உறுப்பினர் வைத்திருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, 7 உறுப்பினர் வைத்திருந்த முஸ்லிம் காங்கிரசுக்கு முதலமைச்சர் பதவியை விட்டுக்கொடுத்து ஒன்றாக ஆட்சி நடத்தியது. அப்போது அதை ஏமாளித்தனம் என்று திட்டியவர்கள் ஏராளம். திட்டலாம், அதற்கு நியாயமும் இருந்தது, கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரம் உயர்த்தும் விவகாரம் அதனால் ஒரு அங்குலமும் நகரவில்லையே என்று கேட்டார்கள். ஆனால் கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தர் அதைச் செய்தது பலவீனத்தால் அல்ல, இரண்டு சமூகமும் ஒரு மேசையில் இருந்து பழகட்டும் என்ற கணக்கில்தான் என்றே நான் நினைக்கிறேன். பலன் குறைவு. முயற்சிக்கு மதிப்புண்டு.

இப்போது எல்லை. யாரை எதுவரைக்கும்? நீங்கள் கேட்காவிட்டாலும் மச்சான் கட்டாயம் கேட்பான், ஆயுதக் குழுவிலிருந்து அரசியலுக்கு வந்த பிள்ளையான் என்கிற சந்திரகாந்தனை வைத்துத்தான் கேட்பான். 2020 தேர்தலில் அவர் விளக்கமறியலில் இருந்தபடியே 54,198 விருப்பு வாக்கு எடுத்தார், மாவட்டத்தில் அதுதான் ஆகக் கூடியது. பரராஜசிங்கம் கொலை வழக்கில் அவர் மேல் வழக்கைத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் சொன்னதால் 2021 தொடக்கத்தில் நீதிமன்றம் விடுவித்தது. 2025 ஏப்ரலில் வேறொரு விசாரணையில் மீண்டும் கைதானார். இதில் ஒரு சுயாதீன வாக்காளர் என்ன செய்வது? முதலில், அந்த 54,198 பேரை மடையர்கள் என்று சொல்லாமல் இருப்பது. அவர்கள் படுவான்கரையிலும் வாகரையிலும் இருக்கிற உங்கள் உறவுக்காரர், வீதியும் பாடசாலைக் கட்டடமும் தங்கள் ஊருக்கும் வந்தது என்று நினைத்தவர்கள், யாரும் எட்டிப் பார்க்காத ஊருக்கு ஒருவன் வந்தான் என்று சொன்னவர்கள். இரண்டாவது, வழக்கு வழக்காகவே நடக்கட்டும், தீர்ப்பை நாமே எழுத வேண்டாம். மூன்றாவது, வீதி போட்டவர் என்பதால் காணாமல் போனவர்களைப் பற்றிய கேள்வியை விழுங்காமல் இருப்பது. உயிர் போன இடத்தில் வேலைக்கான மதிப்பு கணக்கைத் தீர்க்காது, எந்தப் பக்கத்து ஆயுதம் என்றாலும் சரி. நம் மக்களின் பெயரால் கொன்றவர்களுக்கும் இதே அளவுகோல்தான், அதைச் சொல்ல வாய் வராதவர்கள் மற்றப் பக்கத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

கட்சி தாவுகிறவர்கள் இன்னொரு வகை. எல்லாத் தாவலும் ஒன்றல்ல என்பது என் கட்சி. (எனக்கும் ஒரு கட்சி இருக்கிறது பாருங்கள்.) வென்ற பிறகு ஆசனத்தோடு மாறுவதும், தேர்தலுக்கு முன் மாறி மக்களிடம் புதிதாகக் கேட்பதும் வேறு வேறு. 2015 இல் கூட்டமைப்பில் வென்ற வியாழேந்திரன், பிரதமர் பதவிக்கு இரண்டு பேர் உரிமை கோரிய 2018 இன் அந்த 52 நாள் குழப்பத்தில் மகிந்தவின் பக்கம் போய்ப் பிரதி அமைச்சரானது முதல் வகை. ஆனால் 2020 இல் மகிந்த தரப்பின் மொட்டுச் சின்னத்தில் வெளிப்படையாக நின்று வென்றார், அந்த இரண்டாவது ஆணையை இல்லை என்று சொல்ல முடியாது. சாணக்கியன் 2015 இல் மகிந்த தரப்பின் வெற்றிலையில் கேட்டுத் தோற்று, பிறகு தன் தாத்தா இராசமாணிக்கத்தின் தமிழரசுக் கட்சிக்கு வந்து 2020 இலும் 2024 இலும் வென்றவர். அவருடைய பழைய படத்தைப் போட்டுச் சிரிக்கிறவர்கள், அவர் மாறியது ஆசனம் இல்லாத நேரத்தில் என்பதைச் சொல்லமாட்டார்கள். நசீர் அஹமட் கதை இன்னும் தெளிவு: 2020 இல் முஸ்லிம் காங்கிரசின் மரச் சின்னத்தில் வென்றார், கட்சி முடிவுக்கு மாறாக அரசாங்கத்தோடு நின்று அமைச்சரும் ஆனார், கட்சி நீக்கியது, நீக்கியது செல்லும் என்று 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் சொன்னதும் ஆசனம் போனது. சட்டத்தில் இதற்கு வழி உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு காட்டியது. 2015 இல் அந்த முதலமைச்சர் கதிரையில் இருந்தவரும் அவர்தான் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். ஆளைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்பு எழுத முடியாமல் இருப்பது நமக்கு நல்லதுதான்.

நன்றியையும் மதிப்பையும் குழப்புவதுதான் நம் ஊரின் பெரிய நோய் என்பேன். எம்.பி வழியாக ஒதுக்கப்படுகிற பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஒரு மதகு கட்டினால் எம்.பியின் பெயர் பலகையில் வரும், அவர் சொந்தக் காசில் கட்டியது மாதிரி மாலையும் விழும். காசு உங்களுடையது, பால்மாவுக்கும் பெற்றோலுக்கும் நீங்கள் கட்டிய வரி. மண்முனைப் பாலத்தை எடுங்கள். 2014 இல் மகிந்த ராஜபக்ச வந்து திறந்தார், காசு ஜப்பான் அரசாங்கத்தின் நன்கொடை. அதுவரைக்கும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்கள் வாவியைக் கடக்கப் பாதைக்கு (மிதவைப் படகுக்கு) காத்து நின்ற நிம்மதியீனம் உங்களுக்குத் தெரியும். பாலம் வந்தது நல்லது, கட்டச் செய்த அரசாங்கத்துக்கு அந்த அளவில் ஒரு புள்ளி. அதற்காக 2009 இல் போர் முடிந்த விதம் பற்றிய கேள்விகள் ஆற்றோடு போகாது. யாராவது 'பாலம் தந்தவரைக் குறை சொல்லாதே' என்றால், ஜப்பான்காரரை நான் குறை சொல்லவில்லையே என்று சொல்லுங்கள்.

மதிப்புக்கு உரியது என்று நான் பார்ப்பது வேறு சில விடயங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களின் காணொளிகள் வருகின்றன அல்லவா, சத்தம் போடுகிற துண்டைத்தான் எல்லோரும் பகிர்வார்கள், முழுவதையும் பாருங்கள். யார் கோப்பு வாசித்துவிட்டு வந்திருக்கிறார், யார் அதிகாரியை மிரட்டுகிறார், யார் மற்றக் கட்சிக்காரர் சொன்ன நியாயத்தை ஆமோதிக்கிறார் என்று அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். மயிலத்தமடு, மாதவனை என்ற இடங்களின் மேய்ச்சல் தரை விடயத்தை ஒரு எம்.பி பண்ணையாளர்களின் போராட்டக் கொட்டிலில் மட்டும் பேசினாரா, ஆளுங்கட்சி அமைச்சரின் முகத்துக்கு நேரேயும் பேசினாரா? தமிழில் பேசிய நாடாளுமன்றப் பேச்சுகள், சபைப் பதிவான ஹன்சாட்டில் தமிழிலேயே கிடக்கின்றன. எந்தக் கட்சி என்று மறைத்துவிட்டு வாசித்துப் பார்த்தால் உங்களுக்கே சில ஆச்சரியங்கள் வரும், உங்கள் கட்சிக்காரர் என்று நினைத்தவர் வருடம் முழுக்க வாயே திறக்காதது உட்பட.

ஒரு கணக்கு சொல்லவேண்டும், இது எனக்கு உண்மையிலேயே துக்கமான கணக்கு. நம் பொதுத் தேர்தல் வாக்குச்சீட்டில் மூன்று விருப்பு வாக்கும் ஒரே கட்சிக்குள்தான் போடலாம், அதனால் கட்சி கடந்து தெரிவு செய்ய இடமில்லை, உட்கட்சிக் குத்துவெட்டுதான் மிச்சம். ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்சி கடந்து வரிசைப்படுத்தலாம். உன் ஆள் தோற்றால் மற்றவர்களில் யார் பரவாயில்லை என்று சட்டமே கேட்கிற இடம் அது ஒன்றுதான். 2024 இல் யாருக்கும் ஐம்பது வீதம் வராததால் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. முதல் இருவருக்கும் போகாத வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தவை 105,264, சஜித்துக்கு 167,867. கூட்டிப் பாருங்கள், பத்தில் ஒரு பங்கு கூட வரவில்லை. மற்றவர்கள் ஒன்றோடு நிறுத்தியிருந்தார்கள், அல்லது அவர்களின் மற்ற விருப்புகள் இந்த இருவரில் யாருக்கும் போகவில்லை. தேர்தல் கடமைக்குப் போய் வாக்கெண்ணும் நிலையத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், எத்தனை சீட்டில் ஒரே ஒரு புள்ளடி மட்டும் என்று. செல்லுபடியாகாமல் போய்விடுமோ என்ற பயம் ஒரு காரணம், அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றக் காரணம் உங்கள் மச்சானின் காரணம்: இரண்டாவதாக ஒருவரை எழுதினால் முதலாவது ஆளுக்குத் துரோகம் என்ற நினைப்பு.

மச்சானுக்குக் குழுவில் பதில் எழுத வேண்டாம். அங்கே எழுதினால் சித்தப்பாவும் வெளிநாட்டில் இருக்கிற அண்ணனும் சேர்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான். நேரில் கண்டால், நீ வாக்குப் போட்ட ஆள் செய்த ஒரு பிழையைச் சொல், நான் வாக்குப் போட்ட ஆள் செய்த ஒரு பிழையை நானும் சொல்கிறேன் என்று தொடங்குங்கள். அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றால் கொள்கையைப் பற்றிய பேச்சை அவன் விட்டுவிடுவான். சொன்னால் இன்னும் நல்லது, பிறகு நீங்கள் இருவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறீர்கள். வாக்குச் சாவடிக்குள் பாருங்கள், வீட்டுச் சின்னத்துக்காரரின் முகவரும் பிள்ளையான் கட்சியின் படகுச் சின்னத்துக்காரரின் முகவரும் ஒரே வாங்கில் இருந்து பார்சல் சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். வெளியில் சண்டை போடுகிறவர்கள் அந்த வாங்கில் ஒருநாள் இருந்தால் நன்றாக இருக்கும்.

மாகாண சபை 2017 இல் காலம் முடிந்த பின் தேர்தல் இல்லாமலே இழுபடுகிறது. அது வைக்கப்படுகிற நாளில் எல்லாக் கட்சிக்காரரும் உங்கள் படலையைத் திறந்துகொண்டு வருவார்கள். வந்தவருக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுங்கள், நோட்டீசை வாங்கி வாசியுங்கள். அப்புறம் கேளுங்கள்: குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் பாலம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, யாருடைய காசு, எந்தத் திகதி? மேய்ச்சல் தரை எல்லையைக் குறிக்க உங்கள் கட்சி எந்த அமைச்சருக்கு எப்போது எழுதியது, கடிதத்தின் பிரதி இருக்கிறதா? முன்னைய சபையில் மற்றக் கட்சி செய்தவற்றில் நீங்கள் தொடரப் போவது எது? கடைசிக் கேள்விக்கு 'அவர்கள் ஒன்றும் செய்யவில்லை' என்று சொல்லுகிறவரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பிரதி இல்லை என்றால் 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சம்பந்தப்பட்ட கந்தோருக்கே விண்ணப்பம் போடலாம், அதற்கு எந்தக் கட்சியின் கடிதமும் வேண்டியதில்லை. பதில்களைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டால்தான் பிறகு ஒப்பிட முடியும்.